தாண்டுவதற்கு முன் எட்டு நிமிடம்



சென்ற ஆண்டு கிள்ளான் பக்கம் ஒரு திடலில் நம் இளைஞர்களுக்கான போட்டி விளையாட்டு நடந்தது. நீளம் தாண்டுதலுக்குப் பெயர் கொடுத்திருந்த தம்பி ஒருவர் காலை ஏழரைக்கே வந்துவிட்டார். ஐந்தாம் படிவ மாணவர். அடுத்த ஆண்டு பள்ளிச் சீருடை கிடையாது, பள்ளிப் போட்டிகளும் கிடையாது. மாவட்ட அணிக்குப் பயிற்சி கொடுப்பவர் ஒருவர் அன்று பார்க்க வருகிறார் என்று அவர் காதில் விழுந்திருந்தது. "இன்னைக்கு மட்டும் நல்லா தாண்டிட்டா போதும்ணே" என்றார்.

அவர் கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்திருக்கிறார். போட்டிக்கு முன் கடுமையாகக் குதித்தால் தசை விழித்துக்கொள்ளும், தாண்டும் தூரம் கூடும் என்று அதில் சொன்னார்களாம். தம்பி ஆரம்பித்தார். பெஞ்சிலிருந்து குதித்தார், தவளைத் தாண்டல் போட்டார், ஒற்றைக் காலில் திடலின் நீளம் முழுக்கத் துள்ளினார். நான் எண்ணிய வரையில் எண்பதுக்கு மேல். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிட்டார்கள்.

முதல் தாண்டலில் பலகையை மிதித்துத் தவறினார். இரண்டாவது, பயிற்சியில் வழக்கமாகத் தாண்டும் இடத்துக்கு ஓரடிக்கும் மேல் குறைவு. மூன்றாவது அதைவிட மோசம். முதல் எட்டுப் பேரில் அவர் இல்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "அண்ணே, கால் கல்லு மாதிரி இருக்கு. அந்தக் காணொளில சொன்னது பொய்யா?"

பொய் இல்லை. பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்வதுதான் இந்த மாதப் பாடம்.

இந்தப் பாடத்தில் நாம் கற்பது

1. தீவிரமான வெதுப்பல் பயிற்சி தாண்டும் ஆற்றலைக் கூட்டுமா? கூட்டினால் எப்படி?
2. அது சிலருக்குப் பலிப்பதும் சிலருக்குக் கெடுப்பதும் ஏன்?
3. போட்டி நாளில் அதை எப்படி, எவ்வளவு, எப்போது செய்வது?

நாம் பேச்சில் வார்ம்-அப் என்கிறோம். பள்ளி உடற்கல்விப் பாடத்தில் வெதுப்பல் என்று படித்திருப்பீர்கள். அந்தச் சொல்லையே இங்கே வைத்துக்கொள்வோம்.

தசைக்குள் என்ன நடக்கிறது?

இந்தச் செய்தி புதியது அல்ல. 1871-இல் பௌடிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தவளையின் இதயத் தசையை வைத்துச் சோதனை செய்தார். ஒரே அளவு மின் தூண்டலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார். தூண்டல் மாறவில்லை. ஆனால் முதல் துடிப்பைவிட இரண்டாவது பலமாக இருந்தது, அதைவிட மூன்றாவது. படி ஏறுவதுபோல் பலம் கூடிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றது. அதனால் அதற்குப் படிக்கட்டு விளைவு என்றே பெயர் வந்தது.

கால் தசையிலும் இதைப்போல ஒன்று நடக்கிறது. தசை சுருங்கும்போது அதற்குள் கால்சியம் வெளிப்படுகிறது. மயோசின், ஆக்டின் என்ற இரண்டு வகைப் புரத இழைகள் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன. பலமாக ஒருமுறை சுருங்கிய தசையில், அந்த மயோசினின் ஒரு பகுதியில் சிறிய வேதி மாற்றம் ஏற்படுகிறது. அதன் பிறகு அதே அளவு கால்சியம் வந்தாலும் தசை இன்னும் வேகமாக, இன்னும் பலமாகப் பிடிக்கிறது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடுவதற்கும் விழித்திருப்பவனைக் கூப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. தாண்டுவதற்கு உதவும் வேக இழைகளில்தான் இந்த மாற்றம் அதிகம்.

ஆனால் இது ரொம்ப நேரம் நிற்பதில்லை. ஏறக்குறைய அரை நிமிடத்தில் பாதியாகிவிடுகிறது. சில நிமிடங்களில் கரைந்துபோகிறது. அப்படியானால் எட்டு நிமிடம் கழித்தும் சிலர் கூடுதலாகத் தாண்டுவது எப்படி? அண்மைக் கால ஆய்வாளர்கள் வேறு காரணங்களையும் காட்டுகிறார்கள். தசையின் வெப்பம் ஏறியிருக்கிறது. தசைக்குள் நீர் அதிகமாகச் சேர்ந்திருக்கிறது. மூளையும் நரம்பும் "முழு பலத்தையும் கொடு" என்ற கட்டளைக்குப் பழகியிருக்கின்றன. இவை மெதுவாகக் கூடி மெதுவாகக் குறைபவை.

இவற்றில் வெப்பம் மட்டுமே பெரிய ஆள். தசையின் வெப்பம் 1 பாகை செல்சியஸ் ஏறினால், திடீர் வேகம் தேவைப்படும் செயல்களில் திறன் 2 முதல் 5 சதவீதம் வரை கூடுகிறது. ஆகவே சாதாரண வெதுப்பலை ஒழுங்காகச் செய்பவன் ஏற்கெனவே பெரும்பகுதி லாபத்தை எடுத்துவிட்டான். தீவிரப் பயிற்சி அதற்கு மேல் வைக்கும் ஒரு சிறு கூடுதல். நின்ற இடத்தில் 50 சென்டிமீட்டர் எம்பும் ஒருவருக்கு 3 சதவீதம் கூடினால் அது ஒன்றரை சென்டிமீட்டர். சிறியதுதான். ஆனால் உயரம் தாண்டுதலில் கம்பு விழுவதும் நிற்பதும் பல நேரம் அந்த ஒன்றரை சென்டிமீட்டரில்தான்.

ஊக்கமும் களைப்பும் ஒன்றாகவே வரும்

நம் தம்பி எங்கே தவறினார் என்பதற்கு இப்போது வருவோம்.

கடுமையாக ஒரு குதி குதித்தால் உடலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழைகிறார்கள். ஒருவர் ஊக்கம். இன்னொருவர் களைப்பு. குதித்து முடித்த அந்த நிமிடத்தில் களைப்புதான் பெரியவர், ஊக்கம் அவர் முதுகுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறது. நல்ல விஷயம் என்னவென்றால், அளவாகச் செய்திருந்தால் களைப்பு சீக்கிரம் வெளியேறிவிடும், ஊக்கம் இன்னும் கொஞ்ச நேரம் தங்கும். களைப்பு போய் ஊக்கம் மிச்சமிருக்கும் அந்த இடைவெளியில்தான் தாண்ட வேண்டும்.

அந்த இடைவெளி எப்போது? 2013-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரையில், 7 முதல் 10 நிமிட ஓய்வுக்குப் பிறகு பலன் மிக அதிகம் என்று தெரிந்தது. 2016-இல் வந்த இன்னொரு தொகுப்பு, குறைந்தது 5 நிமிடமாவது வேண்டும் என்றது. பொதுவாக எட்டு நிமிடம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் சொந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் வழி பின்னால் வருகிறது.

தம்பி செய்த தவறுகள் இரண்டு. எண்பது குதி என்பது வெதுப்பல் அல்ல, அது ஒரு முழுநாள் பயிற்சி. அவ்வளவு களைப்பு எட்டு நிமிடத்தில் போகாது, எண்பது நிமிடத்திலும் போகாது. இரண்டாவது, குதித்த மூச்சோடு ஓடுதளத்துக்குப் போனார். ஊக்கம் வந்து சேரும் முன்பே தாண்டிவிட்டார்.

யாருக்குப் பலிக்கும்?

இங்கே ஒரு கசப்பான உண்மை உண்டு. தீவிர வெதுப்பல் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. காலில் ஏற்கெனவே பலம் உள்ளவர்களுக்கு, பல ஆண்டு பயிற்சி செய்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். தன் உடல் எடையைப்போல் ஒன்றேமுக்கால் மடங்கு பாரத்தைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஆண்கள், ஒன்றரை மடங்கு எடுக்கும் பெண்கள் ஆகியோரைப் பலசாலிகள் என்று வகுத்து ஆராய்ந்தபோது, அவர்களுக்கு ஊக்கம் சீக்கிரமும் அதிகமாகவும் கிடைத்தது. பலம் குறைந்தவர்களுக்குக் களைப்பு நீண்ட நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது. லேசான பாரம், நீண்ட ஓய்வு — இதுதான் அவர்களுக்குப் பொருந்தியது.

தைப்பூசத்தில் பத்துமலைக்குக் காவடி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். 272 படியை அவர்கள் ஏறுவது அன்று காலையில் வந்த பலத்தினால் அல்ல. அதற்கு முன் வாரக்கணக்கில் விரதம் இருந்து உடலையும் மனத்தையும் பக்குவப்படுத்தியிருக்கிறார்கள். விரதமே இல்லாமல், முதல் நாள் ராத்திரி முடிவு பண்ணி மறுநாள் காவடி எடுக்கிறேன் என்று ஒருவர் வந்தால் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? தாண்டுதலும் அப்படித்தான். போட்டி நாள் வெதுப்பல், இருக்கிற பலத்தை எழுப்பும். இல்லாத பலத்தை உண்டாக்காது.

நம் தமிழர்களில் பெரிதாகத் தாண்டியவர்களின் கதையும் இதையே சொல்கிறது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் தாண்டினார். 1956-இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கிலும் தாண்டினார். 1958-இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றபோதுதான் இலங்கைக்கு ஆசிய விளையாட்டின் முதல் தங்கம் கிடைத்தது. முதல் ஒலிம்பிக்குக்கும் அந்தத் தங்கத்துக்கும் நடுவில் ஆறு ஆண்டு.

தமிழ்நாட்டின் மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் விபத்தில் வலது காலில் பாதிப்பு ஏற்பட்டவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டருடன் தங்கம். தோக்கியோவில் வெள்ளி. 2024 பாரிஸில் வெண்கலம். எட்டு ஆண்டு இடைவெளியில் மூன்று பதக்கம். 2023-இல் ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதலில் 8.42 மீட்டரும், பிரவீன் சித்ரவேல் மும்முறைத் தாண்டுதலில் 17.37 மீட்டரும் தாண்டி இந்திய தேசியச் சாதனை படைத்தார்கள். இவர்களில் யாரும் ஒரு காலை வெதுப்பலில் அங்கே போய்ச் சேரவில்லை.

நான்கு படிகள்

இயன் ஜெஃப்ரீஸ் என்ற பிரிட்டிஷ் பயிற்றுநர் 2007-இல் வகுத்துக் காட்டிய முறையை இன்று உலகம் முழுக்கப் பல பயிற்றுநர்கள் பின்பற்றுகிறார்கள். உடலைச் சூடாக்கு, தசைகளை எழுப்பு, மூட்டுகளை இளக்கு, கடைசியில் தீவிரப்படுத்து என்பது அதன் வரிசை. நம் திடலுக்கு ஏற்றபடி அதை இப்படிச் செய்யலாம்.

*முதல் படி: சூடாக்குதல், 5 நிமிடம்.* மெதுவோட்டம், பக்கவாட்டு ஓட்டம், லேசான துள்ளல். வியர்வை அரும்பினால் போதும், மூச்சு வாங்கக்கூடாது.

*இரண்டாம் படி: எழுப்பி இளக்குதல், 5 முதல் 7 நிமிடம்.* கால்களை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் வீசுதல், நடந்துகொண்டே ஒரு காலை முன்வைத்து முட்டி மடக்கித் தாழ்தல், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குதல், குதிகாலைத் தூக்கி இறக்குதல். சூரிய நமஸ்காரம் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று சுற்று செய்யலாம், நிற்காமல் ஓடவிட வேண்டும். யோகா வகுப்பில் செய்வதுபோல் ஒரே நிலையில் நெடுநேரம் இழுத்துப் பிடிப்பதைப் போட்டிக்கு முன் தவிர்க்கவும். ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் உடனடி வேகமும் பலமும் கொஞ்சம் குறையும். அதைச் சாயங்காலம் வீட்டில் ஆறுதலாகச் செய்யுங்கள், நல்லது.

*மூன்றாம் படி: வேகம் கூட்டுதல், 5 நிமிடம்.* முட்டியை உயர்த்தித் துள்ளி ஓடுதல் 20 மீட்டர், இரண்டு முறை. பிறகு 30 அல்லது 40 மீட்டர் ஓட்டம் மூன்று. முதலாவது முக்கால் வேகத்தில், கடைசி ஏறக்குறைய முழு வேகத்தில். ஓடுதளத்தில் உங்கள் அடையாளக் குறியைச் சரிபார்க்கும் ஓட்டத்தையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம்.

*நான்காம் படி: தீவிரம், 3 நிமிடம்.* புதியவர்களுக்கு: நின்ற இடத்தில் முழு பலத்தோடு எம்பிக் குதித்தல் 3 முறை, ஒரு நிமிடம் நடை, மறுபடி 3 முறை. அவ்வளவுதான். இரண்டு மூன்று ஆண்டு ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்கு: 30 சென்டிமீட்டர் உயரப் பெட்டியிலிருந்து இறங்கி, தரை தொட்டதும் உடனே எம்பும் குதி, 3 அல்லது 4 முறை, இரண்டு தொகுதி. ஒவ்வொரு குதியும் உங்கள் சிறந்த குதியாக இருக்க வேண்டும். முந்தையதைவிடத் தாழ்ந்து போனால், தரையில் கால் நிற்கும் நேரம் கூடினால், அங்கேயே நிறுத்துங்கள். நான்காம் படியில் மொத்தக் குதிகள் பத்தைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு எட்டு நிமிடம். உட்காராமல், ஓடாமல், நிழலில் மெதுவாக நடந்துகொண்டிருங்கள்.

பாரம் தூக்கி வெதுப்பல் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆய்வுகள் பெரும்பாலும் பாரத்தை வைத்தே நடந்தவை. அங்கேயும் சில ஆய்வுகளில் மிகக் கனமான பாரத்தைவிட நடுத்தரப் பாரமே நல்ல பலன் தந்தது. ஆனால் பள்ளித் திடலில் பாரக் கம்பி ஏது? ஜிம்மில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது முயற்சி செய்வது வேறு. போட்டி நாளில் முதன்முறையாகத் தூக்குவது வேண்டவே வேண்டாம்.

போட்டி நாளின் கணக்கு

தனியாகப் பயிற்சி செய்யும்போது எட்டு நிமிடத்தை நாம் தீர்மானிக்கலாம். போட்டியில் அதிகாரிகள் தீர்மானிப்பார்கள். ஆகவே விதியைத் தெரிந்து கணக்குப் போட வேண்டும்.

நீளம் தாண்டுதலில் எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் எல்லாருக்கும் மூன்று வாய்ப்பு. அதில் சிறந்த எட்டுப் பேருக்கு மேலும் மூன்று. ஒருவருக்குத் தாண்ட ஒரு நிமிடம். பன்னிரண்டு பேர் இருந்தால் ஒரு தாண்டலுக்கும் அடுத்த தாண்டலுக்கும் நடுவில் ஏறக்குறைய பத்து, பன்னிரண்டு நிமிடம் வரும். இதைக் கவனியுங்கள்: ஒவ்வொரு தாண்டலுமே ஒரு தீவிரப் பயிற்சிதான். முதல் தாண்டலே இரண்டாவதற்கு வெதுப்பல் ஆகிவிடுகிறது. இடையில் எதுவும் சேர்க்க வேண்டாம். உடம்பு ஆறாமல் நடந்துகொண்டிருங்கள், உங்கள் முறைக்கு இரண்டு மூன்று பேர் இருக்கும்போது லேசான துள்ளல் நாலைந்து போடுங்கள்.

போட்டி தொடங்கிய பிறகு ஓடுதளத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்த விதி அனுமதிக்காது. ஆகவே நான்காம் படியை எப்போது செய்வது என்று முன்கூட்டியே யோசியுங்கள். பெயர் கூப்பிட்டு வரிசையில் உட்கார வைத்துவிட்டால் அரை மணி நேரம்கூட ஓடிவிடலாம். அப்போது கிடைத்த ஊக்கமெல்லாம் ஆறிப்போகும். நீண்ட காத்திருப்பு என்று தெரிந்தால், வெளியே முதல் மூன்று படிகளை மட்டும் செய்துவிட்டு, நான்காம் படியை உள்ளே புல்தரை ஓரத்தில் மூன்று குதியாகச் செய்யுங்கள். தாண்டும் வரிசையில் நீங்கள் எத்தனையாவது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பத்தாவது என்றால், முதல் ஆள் ஓடத் தொடங்கும்போது உங்கள் மூன்று குதி. கணக்கு தானாகச் சரியாகிவிடும்.

உயரம் தாண்டுதல் வேறு மாதிரி. தொடக்க உயரங்களைத் தாண்டாமல் விட்டுவிட்டு, தனக்கேற்ற உயரத்தில் நுழைய அனுமதி உண்டு. அப்படி விடுபவர்கள் அரை மணி நேரத்துக்கு மேல்கூட உட்கார்ந்திருக்க நேரும். அவர்களுக்கு நுழைவதற்கு எட்டு நிமிடம் முன்பு நாலைந்து முழுக் குதி உண்மையிலேயே உதவும். அதே உயரம் தாண்டுதலில் கடைசியில் இரண்டு மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள், முறை சீக்கிரம் சீக்கிரமாக வரும். அங்கே கூடுதலாகக் குதிப்பது களைப்பைத்தான் சேர்க்கும். மூச்சை ஆற்றிக்கொண்டால் போதும்.

நம்ம ஊர் வெயில்

வெதுப்பல் பற்றிய காணொளிகள் பல குளிர்நாட்டில் எடுத்தவை. அங்கே இருபது நிமிடம் ஓடினால்தான் உடம்பு சூடேறும். கிள்ளான் பள்ளத்தாக்கில் காலை பதினொரு மணிக்குத் திடலில் சும்மா நின்றாலே சூடேறிவிடும். தசை சூடாவது நல்லது, உடலின் உள்வெப்பம் எல்லை மீறுவது கெட்டது. நம் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை எளிதில் காயாது, உடம்பு ஆறாது. ஆகவே முதல் படியை மூன்று நிமிடமாகக் குறைக்கலாம், நிழலில் செய்யலாம், தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கலாம். ஓய்வு எட்டு நிமிடமும் நிழலில்தான். தலை சுற்றினால், குளிர் எடுத்தால், வியர்வை நின்றுபோனால் அன்று போட்டி முடிந்தது. உடனே முதலுதவிக் கூடாரத்துக்குப் போங்கள்.

மழை பெய்து விட்டபிறகு நேர்மாறு. உடம்பு ஆறியிருக்கும், புல்லும் பலகையும் வழுக்கும். அப்போது முதல் மூன்று படிகளையும் சுருக்கமாகத் திரும்பச் செய்யுங்கள். ஈரத் தரையில் பெட்டிக் குதி வேண்டாம்.

முழங்கால் சொல்வதைக் கேளுங்கள்

பெட்டியிலிருந்து குதித்து எம்பும் பயிற்சியை 1960-களில் சோவியத் நாட்டில் யூரி வெர்கோஷான்ஸ்கி என்ற பயிற்றுநர் வளர்த்தெடுத்தார். அடிப்படைப் பலம் உள்ளவர்களுக்கே அது என்று அவரே எச்சரித்தார். இன்று பயிற்சி பரவிவிட்டது, எச்சரிக்கை பின்தங்கிவிட்டது.

பதின்ம வயதில் எலும்பு வேகமாக வளர்கிறது. முழங்கால் சில்லுக்குக் கீழே, தசைநார் எலும்பில் சேரும் இடம் இன்னும் கெட்டிப்படாத வயது. அங்கே அழுத்தினால் வலிக்கிறது, சின்ன முட்டாகத் தெரிகிறது என்றால் குதிப்பதைக் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். சில்லுக்கு நேர் கீழே உள்ள தசைநாரில் வரும் வலி தாண்டுபவர்களின் பழைய எதிரி. சூடேறியதும் அந்த வலி மறைவதுபோல் இருக்கும், மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போது திரும்ப வரும். "வார்ம்-அப் பண்ணா சரியாயிடுது" என்று மாதக்கணக்கில் இழுத்து, பிறகு ஆண்டுக்கணக்கில் தாண்டமுடியாமல் போனவர்கள் உண்டு. பதினாறு வயதுக்குக் கீழ் உள்ள தம்பி தங்கச்சிகளுக்குப் பெட்டிக் குதியே வேண்டாம். நின்ற இடத்தில் ஆறு நல்ல குதி போதும்.

நோட்டுப் புத்தகச் சோதனை

எட்டு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. உங்கள் எண் ஐந்தாக இருக்கலாம், பன்னிரண்டாக இருக்கலாம், சிலருக்கு நான்காம் படியால் பலனே இல்லாமலும் இருக்கலாம். கண்டுபிடிக்கச் செலவு ஒன்றும் இல்லை. ஒரு சுவர், சாக்குக்கட்டி, நோட்டுப் புத்தகம், நேரம் பார்க்க ஒரு நண்பர்.

சுவரோரம் நின்று கையை உயர்த்தித் தொடும் உயரத்தைக் குறியுங்கள். விரலில் சாக்குத் தூள் தடவி எம்பித் தொடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் குதி. மூன்று முறை குதித்துச் சராசரி எழுதுங்கள்.

முதல் நாள்: முதல் மூன்று படி மட்டும் செய்து, எட்டு நிமிடம் கழித்து அளங்கள். இரண்டாம் நாள்: நான்கு படியும் செய்து, 4 நிமிடம் கழித்து. மூன்றாம் நாள்: 8 நிமிடம் கழித்து. நான்காம் நாள்: 12 நிமிடம் கழித்து. ஒவ்வொன்றுக்கும் நடுவில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு, எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே ஷூவில். பிறகு நான்கையும் இன்னொரு சுற்று செய்யுங்கள். ஒரே நாளில்கூட நம் குதி ஒரு சென்டிமீட்டர் ஏறி இறங்கும். ஆகவே ஒருமுறை வந்த எண்ணை நம்பாதீர்கள், இரண்டு சுற்றிலும் திரும்ப வருவதை நம்புங்கள்.

எட்டு அளவு, மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். போட்டிக்கு ஒரு மாதம் முன்பே செய்துவிடுங்கள். போட்டி நாள் சோதனை செய்யும் நாள் அல்ல.

அளவு

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் விவேகானந்தா ஆசிரமத்தைத் தாண்டிப் போகாதவர் நம்மில் குறைவு. 1904-இல் தோன்றிய இடம் அது. அந்த சுவாமி விவேகானந்தர் 1897-இல் சென்னை இளைஞர்களிடம் பேசும்போது, முதலில் உடலைப் பலப்படுத்துங்கள், மற்றவை பின்னால் வரும் என்று வற்புறுத்தினார். இளைஞர் கூட்டங்களில் இதை நாம் அடிக்கடி சொல்கிறோம். அதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொன்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அதிகமாக உண்பவனுக்கும் உண்ணாதே கிடப்பவனுக்கும் யோகம் கைகூடாது, உணவிலும் உழைப்பிலும் உறக்கத்திலும் அளவோடு இருப்பவனுக்கே கைகூடும் என்று கண்ணன் அர்ச்சுனனுக்குச் சொல்கிறான். போருக்கு நிற்கும் ஒரு வீரனிடம் சொன்ன பேச்சு அது.

எண்பது குதித்த தம்பியிடம் உழைப்பு இருந்தது, ஆசை இருந்தது. அளவு மட்டும் இல்லை. அவரே சோதனை செய்து பார்த்தார். நான்கு நிமிடத்தில் அவர் குதி குறைகிறது, பத்து நிமிடத்துக்கு மேல் விட்டால் கொஞ்சம் கூடுகிறது. இப்போது வாரம் இரண்டு நாள் கால் பலத்துக்கான பயிற்சியும் செய்கிறார். பள்ளி முடிந்துவிட்டது. ஆனால் மன்றங்கள் நடத்தும் திறந்த போட்டிகள் இருக்கின்றன. போன முறை பார்த்தபோது நிழலில் நடந்துகொண்டிருந்தார். "என்ன தம்பி, சும்மா நடக்கிறீங்க?" என்றேன். "சும்மா இல்லண்ணே, இன்னும் மூணு நிமிஷம் இருக்கு" என்றார்.

கலந்துரையாடக் கேள்விகள்

1. குதித்து முடித்த உடனே தாண்டுவது ஏன் நல்லதல்ல? ஊக்கம், களைப்பு இரண்டையும் வைத்து விளக்குக.
2. பதினான்கு பேர் கலந்துகொள்ளும் நீளம் தாண்டுதலில் நீங்கள் ஆறாவது ஆள். நான்காம் படியை எப்போது செய்வீர்கள்? கணக்குப் போட்டுக் காட்டுக.
3. கபடி, பூப்பந்து, கைப்பந்து ஆடுபவர்களும் எம்பிக் குதிக்கிறார்கள். அவர்களுக்கு இந்த நான்கு படிகளில் எதை மாற்றவேண்டும்?
4. உங்கள் மன்றத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறீர்கள். காணொளியில் பார்த்த கடுமையான குதிப் பயிற்சியைச் செய்ய அவர்கள் அடம்பிடித்தால் எப்படிப் பேசிப் புரியவைப்பீர்கள்?

செயல்

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள். அவரவர் நிமிடத்தை அவரவர் சொல்லட்டும். ஒப்பிட்டுப் பார்ப்போம்.